மார்க்கும் திறமையும்

சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் கூறுவதானால் அது பரீக்ஷைச் சீர்திருத்தமே என்று 1949-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் கமிஷன் அறிக்கை செய்தது. 2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் பூரண அங்கத்தினராயிற்று. அதன்படி அங்கீகாரம் கோரும் என்ஜினீயரிங் கல்லூரி, தன் பட்டதாரி எதைச் செய்ய வல்லவன் என்று அளந்து காட்டவேண்டும். நல்ல விதிதான். நடப்பதென்ன? பல கல்லூரிகளில் பழைய பரீக்ஷை மார்க்கையே கட்டம் போட்ட தாளில் பெருக்கி வகுத்து, திறமை என்று நாமகரணம் செய்கிறார்கள்!

சித்தேரி மலையிலிருந்து இறங்கிவரும் மலைவாசிப் பிள்ளை, தன் ஊர் ஓடைக்குப் பாலம் போடத் தெரிந்தவனாகத் திரும்புவானா? அந்தத் தாள் இதைச் சொல்லாது. அவன் வேலையில் தவறினால் பழி அவனுக்கு. தாளை நிரப்பிய கல்லூரிக்கோ அங்கீகாரம். செய்முறைப் பரீக்ஷையை வெளியார் முன்னிலையில், அவன் சிந்திக்கும் தமிழிலேயே நடத்தவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.