சுயேச்சை ஓட்டுநர் கோப்பை

சுயேச்சை ஓட்டுநர் கோப்பை என்பது பிரித்தானிய டூரிங் கார் சாம்பியன்சிப் பந்தயத் தொடரில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஒரு விருதாகும். தானுந்துத் தயாரிப்பு நிறுவனங்களின் நேரடி ஆதரவின்றிப் போட்டியிடும் அணிகளின் ஓட்டுநர்களுக்கு உரிய இவ்விருது 1990களின் தொடக்கத்தில் ஏற்படுத்தப்பட்டது. இதற்கெனத் தனிப் பந்தயம் நடத்தப்படுவதில்லை. அனைவரும் ஒரே களத்தில் ஓடுவர். சுயேச்சை ஓட்டுநர்கள் தமக்குள் பெறும் இடங்களுக்கு ஏற்பப் புள்ளிகள் தனியே கணக்கிடப்படும்.

ஆறுதல் பரிசும் பந்தயப் பணமும்

1990களில் நடைமுறையிலிருந்த 'சூப்பர் டூரிங்' விதிமுறைகள் பெருநிறுவனங்களைத் தொடருக்குள் ஈர்த்தன. நிறுவன அணிகள் பல மில்லியன் பவுண்டுகளைச் செலவிட்டன. சிறு அணிகளோ பெரும்பாலும் அவை பயன்படுத்தி விற்ற பழைய வண்டிகளையே வாங்கி ஓட்டின. எனவே தொடக்கத்தில் இக்கோப்பை ஆறுதல் பரிசாகவே இருந்தது எனலாம்.

சுயேச்சை ஓட்டுநர் ஒருவர் ஒட்டுமொத்தப் பந்தயத்தையே வென்றால் 2,50,000 பவுண்டுகள் வழங்கப்படும் எனத் தொடரின் அமைப்பாளரான டோக்கா அறிவித்திருந்தது. 1999 ஏப்ரலில் டோனிங்டன் பார்க் களத்தில் மேட் நீல், நிசான் பிரிமேரா வண்டியில் அப்பணத்தை வென்றார். அவருடைய டீம் டைனமிக்ஸ் அணி குடும்ப அணி ஆகும். அவரது தந்தை சிடீவ் நீல் அதனை நடத்தினார்.

நிலைமை மாற்றம்

செலவு தாளாமல் நிசான், ரெனோ, வால்வோ ஆகியவை 1999 முடிவிலும், போர்டு, ஹோண்டா ஆகியவை 2000 முடிவிலும் விலகின. செலவைக் குறைக்கும் புதிய விதிகள் 2001 இல் நடைமுறைக்கு வந்தன. இதன் பின்னரே சுயேச்சை அணிகளுக்கு உண்மையான வாய்ப்புக் கிட்டியது. நீல் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் ஹோண்டா இன்டெக்ரா வண்டியில் இக்கோப்பையுடன் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றார். கொலின் டர்கிங்டன் 2009 இலும் 2014 இலும், ஆண்ட்ரூ ஜோர்டன் 2013 இலும் அவ்வாறே வென்றனர். 2011 இல் அறிமுகமான விதிகளின்படி பல உதிரிபாகங்கள் எல்லா அணிகளுக்கும் பொதுவாயின. இதனால் இடைவெளி மேலும் குறுகியது.

யார் சுயேச்சை?

வண்டியின் வேகத்தையோ ஓட்டுநரின் திறனையோ கொண்டு இது முடிவு செய்யப்படுவதில்லை. அணியின் பதிவைப் பொறுத்தே அமைகிறது. இதற்கு டர்கிங்டனே தக்க சான்று. 2014 இல் வெஸ்ட் சர்ரே ரேசிங் அணியின் பி.எம்.டபிள்யூ 125ஐ வண்டியில் அவர் சுயேச்சையாக வென்றார். 2017 இல் பி.எம்.டபிள்யூ அவ்வணிக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு அளித்தது. 2018 இல் அதே ஓட்டுநர், அதே அணி, அதே வகை வண்டி மீண்டும் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றபோது இக்கோப்பைக்கு அவர் தகுதி பெறவில்லை. தொடரில் இரண்டாம் இடம் பெற்ற டாம் இங்ரம் அவ்வாண்டின் சுயேச்சை ஓட்டுநர் கோப்பையைப் பெற்றார்.