மருந்து முதலீட்டில் மக்களுக்கும் பங்கு வேண்டும்

2026-27-ம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில் "பயோபார்மா சக்தி" என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. உயிரி மருந்துகளையும் அவற்றுக்கு நிகரான மருந்துகளையும் உள்நாட்டிலேயே தயாரிக்க 5 ஆண்டுகளில் ரூ. 10,000 கோடி ஒதுக்கப்படும் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றாநோய்களை நோக்கி நாட்டின் நோய்ச்சுமை நகர்ந்து வருவது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இதற்கு முன்பே, 2025-ல், தனியார் துறை ஆராய்ச்சிக்கு நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடும் அளிக்க ரூ. 1 லட்சம் கோடி நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது.

நோக்கம் சரியானதே. ஆனால், மக்களின் வரிப்பணம் தனியார் மருந்து நிறுவனங்களில் முதலீடாகும்போது மக்களுக்குத் திரும்பக் கிடைக்கப் போவது என்ன என்ற கேள்வியைத் தில்லி ஆட்சியாளர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடி பேர். நோயின் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி பேர். மருத்துவருக்கு இது அபாய அறிவிப்பு. பங்குச்சந்தைக்கோ இது வாய்ப்பின் அறிவிப்பு. காய்ச்சலுக்கு மருந்து வாங்குபவர் ஒரு வாரத்தில் கடையை மறந்துவிடுவார். நீரிழிவு நோயாளியோ ஆயுள் முழுவதும் மருந்து வாங்கியாக வேண்டியவர்.

இந்தக் கணக்கின் வலிமையை உலகம் அண்மையில் கண்டது. செமாக்ளூடைடு மருந்தின் விற்பனையால் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் 2023-ல் ஐரோப்பாவிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனமானது. டிர்செபடைடு மருந்தால் அமெரிக்காவின் எலி லில்லி 2025 நவம்பரில் ஒரு லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பை எட்டியது. மருந்து நிறுவனம் ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

ஏறிய வேகத்தில் இறங்குவதும் இத்துறையின் இயல்பு. 2025 ஜூலையில் விற்பனை எதிர்பார்ப்பைக் குறைத்து அறிவித்த ஒரே நாளில் நோவோ நார்டிஸ்க் பங்குகள் 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. மூச்சின் வழியே இழுக்கும் இன்சுலினை 2006-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபைசர், வாங்குவோர் இல்லாமல் மறு ஆண்டே அதைக் கைவிட்டு, ஏறத்தாழ 280 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. புதிய மருந்தில் முதலீடு செய்வது துணிச்சலான செயல் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தத் துணிச்சலுக்கு லாபம் கிடைப்பதிலும் தவறில்லை.

ஆனால், லாபத்தை மட்டுமே பின்தொடரும் முதலீடு ஏழை நோயாளியின் வாசலில் நிற்பதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனாக்கள் வழங்கும் ஒப்பந்தத்தைத் தென்னாப்பிரிக்காவில் 2024-ல் நோவோ நார்டிஸ்க் தொடரவில்லை. அங்குள்ள நோயாளிகள் மீண்டும் குப்பிக்கும் ஊசிக்கும் திரும்ப நேர்ந்தது. அதிக வருவாய் தரும் புதிய மருந்துகளின் பக்கம் தொழிற்சாலைகள் திரும்பும்போது, பழைய மலிவு மருந்தை நம்பியிருப்பவர்கள் கைவிடப்படுகிறார்கள்.

இன்சுலினின் வரலாறே இதற்குப் பாடம். 1921-ல் டொரன்டோவில் அதைக் கண்டறிந்த குழுவினர், தங்கள் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்த மருந்தின் உலகச் சந்தையில் பெரும்பகுதி பின்னாளில் மூன்றே பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குள் வந்தது. கொடுத்தவர்களின் பெருந்தன்மை மட்டும் விலையைக் காக்காது; நிபந்தனைதான் காக்கும்.

இந்தியாவின் அனுபவம் நம்பிக்கை அளிக்கிறது. 2003-ல் வொக்கார்ட்டும் 2004-ல் பயோகானும் மனித இன்சுலினை உள்நாட்டிலேயே தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2025 மார்ச்சில் எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை முடிந்தவுடன், ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்றதற்கு நிகரான மாத்திரை சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்தது. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலமும் 2026 மார்ச் வரைதான். எனினும், 20 ஆண்டுகள் காத்திருந்து கிடைக்கும் மலிவு விலை, அதற்குள் சிறுநீரகத்தையும் பார்வையையும் இழந்தவர்களுக்கு எந்த வகையில் உதவும்?

அரசுப் பணம் இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். செய்யவும் முடியும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு சென்னையைச் சேர்ந்த லெவிம் நிறுவனம் உருவாக்கிய லிராக்ளூடைடு நிகர் மருந்தை, 2024 ஜனவரியில் கிளென்மார்க் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிகிச்சைச் செலவு சுமார் 70 சதவீதம் குறையும் என அறிவிக்கப்பட்டது. அப்படிக் குறைந்த பிறகும் வழக்கமான அளவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 ரூபாய்! தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் என்பது எட்டாத தொகையே.

ஆகவே, பொதுநிதி பெறும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகள் எழுத்து வடிவில் இடம்பெற வேண்டும். முதலாவது, மருந்து வெற்றி பெற்றால் லாபத்தில் அரசுக்குப் பங்கு. அந்தத் தொகை மீண்டும் ஆராய்ச்சிக்கே செல்ல வேண்டும். இரண்டாவது, அரசு மருத்துவமனைகளுக்கும் மக்கள் மருந்தகங்களுக்கும் முன்கூட்டியே முடிவு செய்த உச்சவரம்பு விலை. மொத்தக் கொள்முதல் மூலம் விலையைக் குறைக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களிலிருந்தே நிரூபித்து வருகிறது. மூன்றாவது, புதிய மருந்து வந்துவிட்டது என்பதற்காகப் பழைய மலிவு இன்சுலினின் உற்பத்தியை நிறுத்தக் கூடாது.

நிபந்தனை விதித்தால் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். தடையற்ற சந்தையின் தாயகமான அமெரிக்காவிலேயே, முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் நோயாளி செலுத்தும் இன்சுலின் கட்டணத்துக்கு 2023 முதல் மாதம் 35 டாலர் என வரம்பு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு எலி லில்லி தனது முக்கிய இன்சுலின் வகைகளின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் அந்நிறுவனம்தான் உலகச் சாதனை படைத்தது. அந்த உயர்வுக்கு வேறொரு புதிய மருந்து காரணம் என்பது உண்மை. ஆனால், இன்சுலின் விலைக் குறைப்பு முதலீட்டை விரட்டிவிடவில்லை என்பதும் உண்மைதானே?

தனியார் முதலீட்டாளர் எவரும் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. ரூ. 10,000 கோடியைக் கொடுக்கும் மக்கள் மட்டும் நன்றியை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? ஆராய்ச்சியின் இழப்பில் பங்கேற்பவர்களுக்கு அதன் பலனிலும் பங்கு உண்டு என்ற எளிய வணிக நியதியைத் திட்டத்தின் விதிமுறைகளில் மத்திய அரசு எழுதட்டும். நாடாளுமன்றம் அதை உறுதி செய்யட்டும்.