உடைஞ்சா உடையட்டும்!

பொங்கலுக்குக் கூட்டேரிப்பட்டு போனா, சித்தப்பா பையன் லேப்டாப்போட வந்து நிக்கிறான். "அண்ணா, க்ளவுட்சிம் 7ஜி போட்டேன். ப்ராஜக்ட் கோடு முழுக்க எர்ரர். கைடு பழைய 3.0.3 போதும்ங்கறாரு."

ஒரு சர்வர்கூட வாங்காம டேட்டா சென்டரை ஜாவாவுல ஓட்டிப் பார்க்கிற கருவி மக்கா அது. 3.0.3 வந்தது 2013-ல. கன்டெய்னர் வந்ததே 2016-ல, 4.0-லதான். ஆளாளுக்குத் தனித்தனியா எழுதின நீட்சிகள் ஒண்ணோட ஒண்ணு சேரல. மெல்போர்ன்ல ராஜ்குமார் புய்யா குழு 7ஜி-ல விர்ச்சுவல் மெஷினையும் கன்டெய்னரையும் ஒரே இன்டர்ஃபேஸுக்குள்ள கொண்டுவந்துச்சு. அடித்தளத்தை மாத்தினா பழைய கோடு உடையத்தான் செய்யும்.

உடையட்டுமே! ரெண்டு நாள் வரி வரியா திருத்தினோம். அப்பதான் தெரிஞ்சுது, 'லோட் பேலன்சிங்' ப்ராஜக்ட்ல எல்லா வேலையும் ஒரே விஎம் தலையிலதான் விழுந்திருக்கு! ரிப்போர்ட்ல இருந்த கிராஃப், சீனியரோட எக்ஸெல். எர்ரர் வராம இருந்திருந்தா இதுவும் பாஸாகி அடுத்த ஜூனியருக்குப் போயிருக்கும்.

கைடுமார்களே, எர்ரருக்குப் பயந்து பசங்களைப் பின்னால இழுக்காதீங்க. திருத்தறதுதான் படிப்பு.

டிஸ்கி: பழைய ஆய்வுக்கட்டுரையோட முடிவைச் சரிபார்க்க அதே பழைய வெர்ஷன் வேணும், ஒத்துக்கறேன். கிராஃபைக் காப்பியடிக்க எந்த வெர்ஷனும் வேணாம்.