வண்டி நடுங்கினால் கடைக்காரரைத் திட்டலாமா?



மொத்த வியாபாரிக்கு வண்டி இன்னொரு கை. செங்குன்றத்தில் அரிசி மூட்டை ஏற்றி, கள்ளிக்குப்பம் கிடங்கில் இறக்கி, பிறகு புதூர், கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று கடை கடையாகப் பிரித்துக் கொடுப்பது நமது அன்றாட வேலை. வண்டி ஒரு நாள் நின்றால் பத்துக் கடைகளில் அரிசி இல்லை. அதனால்தான் சென்ற ஆண்டு நாம் செய்த ஒரு தவறை இங்கே வெட்கமின்றி எழுதுகிறோம்.

நமது பிக்அப் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய் அது. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் ஷாஃப்ட் விலை அதிகம் என்பதால், ஏறத்தாழ பாதி விலையில் வெளிக் கம்பெனி ஷாஃப்ட் ஒன்றை வாங்கி மாட்டினோம். மறுநாளே டிரைவர் தம்பி வந்து, "அண்ணாச்சி, அம்பதைத் தாண்டினா சீட்டுக்கு அடியில உறுமுது, கால் கூசுது" என்றான்.

நாம் என்ன செய்தோம்? முதலில் வீல் பேலன்சிங் செய்தோம். நடுக்கம் போகவில்லை. அடுத்து இன்ஜின் மவுண்டிங் மாற்றினோம். அப்போதும் போகவில்லை. இரண்டு செலவும் தண்டம். கோபத்தோடு ஷாஃப்ட் விற்ற கடைக்குப் போய், நான்கு வாடிக்கையாளர் முன்னிலையில் "போலிச் சரக்கை விற்று ஏமாற்றுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. "பொருளில் குறை இருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன், யாராவது விவரம் தெரிந்தவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தார். பத்தே நிமிடத்தில் எழுந்து, "ஷாஃப்டில் குறை இல்லை, மாட்டியதில்தான் குறை" என்றார்.

ஷாஃப்ட் இரண்டு துண்டாக, பல்லில் சொருகும்படி வருகிறது. இரண்டிலும் அம்புக்குறி உண்டு. குறிகள் நேர்கோட்டில் இருக்க வேண்டும். மெக்கானிக் மாட்டும் வசதிக்காக அதை உருவி, குறி பார்க்காமல் மறுபடி சொருகியிருக்கிறார். சில பல் தள்ளிப் போய்விட்டது. ஷாஃப்ட் கிராஸ் இருக்குமிடத்தில் வளைந்து சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். அடுத்த கிராஸ் சரியான நிலையில் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்துவிடும். நிலை தப்பினால் சமன் ஆகாமல் நடுக்கமாக வெளிவரும். தராசில் ஒரு தட்டை மாற்றி மாட்டிவிட்டு எடைக்கல்லைக் குறை சொன்ன கதைதான் நமது கதை.

குறியை நேராக்கியதும் பெரும்பகுதி நடுக்கம் போயிற்று. பாரம் ஏற்றிக் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குக் காரணம் தணிந்துபோன கமான் பட்டை. பட்டை தணிந்தால் ஆக்ஸிலின் கோணம் மாறும், கிராஸின் கோணமும் மாறும். அளவுக்கு மேல் மூட்டை ஏற்றியது யார்? நாம்தான்.

பெரியவர் சொல்லிக் கொடுத்த சோதனைகளுக்குக் காலணா செலவில்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள். அப்போதே நடுங்கினால் இன்ஜின் பக்கம் பாருங்கள். ஓடும்போது மட்டும் நடுங்கினால், அதே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் நடுக்கம் மாறவில்லையென்றால் குறை கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் உறுமினால் ஷாஃப்ட் மேல் சந்தேகப்படலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய வண்டிச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 600 சுற்று சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல் நான்கு மடங்கோ அதற்கு மேலோ சுற்றும். அந்த வேகத்தில் ஒட்டிய சேறும், விழுந்துபோன பேலன்ஸ் தகடும்கூடத் தெரியும்.

பிறகு அடியில் பாருங்கள். அம்புக்குறி, போல்ட் இறுக்கம், சென்டர் பேரிங், குழாயில் நசுங்கல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால், பிளாஞ்சைக் கழற்றி ஷாஃப்டை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் பேலன்சிங் மெஷினில் ஏற்ற வேண்டியதுதான். அதில் குறை தெரிந்தால் மட்டுமே கடைக்காரரிடம் போக நமக்கு உரிமை உண்டு. ஆனால் நடுக்கத்தோடு "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விடாதீர்கள். கிராஸ் உடைந்து ஷாஃப்ட் சாலையில் விழுந்தால் ஆபத்து டிரைவர் தம்பிக்கு. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

வெளிக் கம்பெனி சரக்கு வேறு, போலி வேறு என்பதையும் நம்மவர்கள் உணர வேண்டும். 1960களில் தொழிற்பேட்டை வந்த நாள் முதல் வண்டிப் பாகங்கள் செய்யும் பட்டறைகளுக்கு நடுவில்தான் நாம் வாழ்கிறோம். வண்டிக் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை, பலவற்றை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. தன் பெயரைப் போட்டு விற்பவன் போலியன் அல்லன். பிறர் பெயரைப் போட்டு விற்பவனே போலி.

பில்லோடு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்குப் பொதுவாக நாம் நுகர்வோர் ஆக மாட்டோம். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. ஆகவே பில்லும், விற்றவரோடு உள்ள நல்லுறவுமே நமக்குப் பெரும் பாதுகாப்பு. அந்த நல்லுறவைத்தான் நாம் கெடுத்துக்கொள்ளப் பார்த்தோம்.

மறுநாள் அதே கடைக்குப் போனோம். நான்கு பேர் இருந்த நேரமாகப் பார்த்தே போய், தவறு நம்முடையது என்று சொன்னோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பருப்பு வேகவில்லை என்று வாடிக்கையாளர் நம் கடை வாசலில் சத்தம் போடும்போது நமக்கு எப்படி வலிக்கிறது? தண்ணீர் உப்பா, அடுப்பு மந்தமா என்று பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று நினைக்கிறோம் அல்லவா? வாங்கும்போது நாமும் அதையே நினைக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது. முதலில் பார்ப்போம், பிறகு பேசுவோம்.