சமாதானக் கூட்டத்தில் தீர்க்கக்கூடியதா நாவல்?

"பெருமாள்முருகன் விவகாரம் அன்றைக்கே சுமுகமாக முடிந்துவிட்டதே, அவரே கையெழுத்துப் போட்டாரே" என்று சேந்தமங்கலத்தில் இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குப் பெயர் சுமுகம் அல்ல.

சமாதானக் கூட்டம் எதற்கு? தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, ஏரி மதகை யார் திறப்பது, சுடுகாட்டுப் பாதை யாருக்கு என்ற சங்கதிகளுக்கு. அப்படிப் பல கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் அது சமாதானம்.

நாமக்கல்லில் 2015 ஜனவரி 12 அன்று விட்டுக்கொடுத்தது ஒரே தரப்பு. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது. அதற்கு முன்பே திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தாகிவிட்டது, கடையடைப்பும் நடந்தாகிவிட்டது. அந்த நிலையில் வாங்கிய கையெழுத்து சம்மதமா? ஓரிரு நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

யார் இவர்? 1966இல் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர். 1991இல் 'ஏறுவெயில்' எழுதினார். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். நம் பாட்டிமார் பேசிய பேச்சைத் தொகுத்துக் கொங்கு வட்டாரச் சொல்லகராதி போட்டார். 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னாவின் கதை. நான்கு வருஷம் யார் மனமும் புண்படவில்லை!

புண்பட்டவர்கள் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோர்ட்டுக்குப் போகலாம். அரசே தடை செய்ய நினைத்தாலும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 95ஆம் பிரிவில் வழி இருந்தது. காரணத்தைச் சொல்லி அரசிதழில் அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். அந்த வழியில் போனால் காரணம் எழுத வேண்டும், பதில் சொல்ல வேண்டும். மேஜையைச் சுற்றி உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினால் இரண்டும் வேண்டாம்.

நான் புதுச்சேரியில் பிரஞ்சு வழியில் படித்தவன். 'மதாம் பொவாரி' நாவலுக்காக 1857இல் ஃப்ளோபேர் கூண்டில் நின்றார். வக்கீல் வாதாடினார், விடுதலையானார். அதே வருஷம் கவிஞர் பொதலேருக்கு அபராதம் விழுந்தது, ஆறு கவிதைகள் நீக்கப்பட்டன. அந்தத் தீர்ப்பை 1949இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. தீர்ப்பு என்று ஒன்று இருந்ததால்தானே 92 வருஷம் கழித்தாவது திருத்த முடிந்தது?

இங்கேயும் கடைசியில் கோர்ட்தான் கைகொடுத்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கூட்டத்தில் எழுதிய எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவரைத் திரும்பவும் எழுதச் சொன்னது. எழுதினார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஊரை விட்டுச் சென்னைக்குப் போக வேண்டி வந்ததே, அதை எந்த உத்தரவு திருப்பித் தரும்?

நாளைக்கு இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கூட்டம் மனுவோடு வரும். அதிகாரிகளுக்கு ஒரு கிழட்டு எழுத்தரின் யோசனை: ஊர் அமைதிக்குப் போலீஸ் காவல் போடுங்கள், எழுத்தாளர் வீட்டுக்கும் சேர்த்து. மனுவின் மேல் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். 'இப்பொருள் இவ்வலுவலக வரம்பிற்கு உட்பட்டதல்ல.'