துடைப்பத்தையும் கொண்டு வருக!

ஜப்பானுக்குப் பிரயாணஞ் செய்து திரும்பும் உபாத்தியாயர் வகுப்பில் காகிதக் கொக்கு மடிக்கக் கற்பிக்கிறார். கிமோனோ உடையின் படங்களைக் காட்டுகிறார். பிள்ளைகள் களிக்கின்றனர். நன்று. கடல் கடந்தது இதற்குத்தானா என்று உலு யாம் தோட்டப்புறத்திலிருந்து நாம் வினவுகின்றோம்.

ஜப்பானியப் பள்ளிகளில் மாணவரே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கின்றனர். முறைவைத்துத் தம் தோழருக்குப் பகலுணவு பரிமாறுகின்றனர். துடைப்பம் பிடிப்பது கீழ்ச்சாதியார் வேலையென்று இன்னும் எண்ணுவோர் உள்ள நம் சமூகத்திற்கு இதனினும் வேண்டிய பாடம் யாது? கொக்கைக் கொணர்ந்தவர் துடைப்பத்தை ஏன் விட்டு வந்தார்?

"சயாம் ரயில் பாதையில் நம் பாட்டன்மாரை மாய்த்தவரிடம் பாடமா?" என்பர் சிலர். 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவேயில்லை. அதை மறைப்பது கல்வியன்று. ஆயினும் தாகூரை நோக்குக. 1916இல் ஜப்பான் கண்ட அவர், 1929இல் ஜூடோ ஆசிரியர் தகாகாக்கியைச் சாந்திநிகேதனத்திற்கு வரவழைத்தார். அவரே 1938இல், சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போரைக் கண்டித்துக் கவிஞர் நொகுச்சிக்கு எழுதினார். கலையைக் கொண்டார், கொடுமையைக் கடிந்தார்.

உபாத்தியாயர்களே! கொக்கோடு துடைப்பமும் வருக. சயாம் பாதையின் கதையும் வருக. ஆனால் ஏழைப் பிள்ளை ஒருவனை மட்டும் நாடோறும் பெருக்க ஏவுவது அடிமைத்தனம். யாவரும் முறைவைத்துப் பெருக்குவதே கல்வி. முதல் முறை உங்களுடையதாகுக!