வெட்டை வியாதியும் வெட்கக் கேடும்



இத்தலைப்பைக் கண்டதும், "இதெல்லாம் பெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் போகிற பத்திரிகையில் எழுதுகிற விஷயமா?" என்று முகஞ் சுளிப்பவர்கள் நம்மவர்களிலேயே சிலர் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். பெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் போகிற பத்திரிகையாய் இருப்பதனால்தான் இதை எழுத வேண்டியதாயிருக்கிறது. ஏனெனில், இந்த வியாதியும் அந்த வீட்டுக்குத்தான் போகிறது.

சென்ற மாதம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குச் சமீபத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டங்களில் என்னைப் பார்த்திருக்கிற ஒரு வாலிபர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். பக்கத்துக் கிராமம், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, லீவில் ஊருக்கு வந்தவர். "அண்ணே, உடம்புச் சூடு தணிய என்ன சாப்பிட்டா நல்லது?" என்று கேட்டார். இளநீர் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த முகம் சூட்டுக்காரன் முகமாய்த் தெரியவில்லை. தனியே அழைத்துப்போய்க் கேட்டதில், மூத்திரம் போகையில் நெருப்பாய் எரிகிறது, சீழ் வடிகிறது, இது மூன்றாந் தடவை என்றார்.

முதல் தடவை இளநீரும் வெந்தயமும். இரண்டாந் தடவை, மாதத்தில் ஒரு தேதிக்கு லாட்ஜில் ரூம் எடுத்து உட்காருகிற 'பரம்பரை வைத்தியர்' ஒருவரிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு லேகியம். அப்புறம் மருந்துக் கடை ஒன்றில் டாக்டர் சீட்டில்லாமல் ஆறு மாத்திரை. மூன்று தின்றதும் எரிச்சல் அடங்கிற்று. மிச்சம் மூன்றை அதே கஷ்டத்திலிருந்த கூட்டாளிக்குத் தர்மம் செய்துவிட்டார். இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. "சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஏன் தம்பி போகவில்லை?" என்றேன். "யாராச்சும் சொந்தக்காரங்க பாத்துட்டா மானம் போயிடும்ணே" என்றார்.

கலியாணமாகி மூன்று வருஷம். குழந்தையில்லை. அந்தப் பெண்ணைத் திருக்கருகாவூருக்கு இரண்டு தரம் அழைத்துப்போய் அம்மன் சந்நிதி நெய் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் அவளுக்கு 'மலடி' என்று பேரும் வைத்தாயிற்று. புருஷனுடைய வியாதிதான் இதற்குக் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால், சோதித்துப் பார்க்காமலே அவள்மேல் தீர்ப்பாகிவிட்டதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

நம் ஜனங்கள் வெட்டைச் சூடு என்றும் மேகம் என்றும் சொல்லுகிற இந்த வியாதிக்கும் உடம்புச் சூட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. இது ஒரு கிருமியினால் வருவது. கொனோரியா என்பது இதன் இங்கிலீஷ் பேர். 1879-ல் ஆல்பர்ட் நைசர் என்கிற ஜெர்மன் டாக்டர் அந்தக் கிருமியைப் பூதக்கண்ணாடியில் கண்டு சொன்னார். ஆணுக்கு வந்தால் பெரும்பாலும் சில நாளைக்குள் எரிச்சலும் சீழுமாய்த் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பெண்ணுக்கு வந்தாலோ, பாதிப் பேருக்காவது ஒரு அடையாளமும் தெரியாது. அடையாளம் தெரியாமலே உள்ளுக்குள் ஏறி, கருக்குழாயை ரணமாக்கி, ரணம் ஆறுகையில் தழும்பு விழுந்து குழாயே அடைபட்டுப்போகும். அடைபட்ட குழாய்க்கு எத்தனை படி நெய் கொடுத்தால் என்ன?

இன்னும் கேளுங்கள். பிரசவிக்கிற தாய்க்கு இந்த வியாதி இருந்தால், பிறக்கிற குழந்தையின் கண்ணில் கிருமி ஏறிக் குருடாக்கிவிடக் கூடும். 1880-ல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர் கிரெடே என்பவர், பிறந்தவுடனே குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் தண்ணீர் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அதற்குமுன் அங்கே நூற்றுக்குச் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த கண்நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. நம் நாட்டிலோ, அந்தக் குழந்தை முன் ஜென்மத்தில் யார் கண்ணைக் குத்திற்றோ என்று ஜோசியர் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தார். முன் ஜென்மத்துக் கர்மம் ஒரு சொட்டு மருந்தில் கரைந்துபோகுமானால், அது என்ன கர்மம் என்று கேட்கிறோம். இக்காலத்தில் இந்த வியாதிகளுக்குப் 'பால்வினை நோய்' என்று தமிழில் பேர் வைத்திருக்கிறார்கள். வினை என்றதும் நம் ஆட்களுக்கு ஊழ்வினை ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். இங்கே வினை என்றால் செய்கை, அவ்வளவுதான். செய்தவன் ஒருவனாகவும் அனுபவிப்பவள் வேறொருத்தியாகவும் இருக்கிறதுதான் இந்த வினையின் விசேஷம்.

சரி, மருந்து இருக்கிறதே, பயமென்ன என்பீர்கள். அங்கேதான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 1930-களின் கடைசியில் சல்பா மருந்து வந்தது; பத்து வருஷத்துக்குள் கிருமி அதற்குப் பழகிவிட்டது. 1943-ல் பென்சிலின் வந்தது. முதலில் லட்சம், ஒன்றரை லட்சம் யூனிட்டில் தீர்ந்த வியாதிக்கு 1970-களில் 48 லட்சம் யூனிட் வேண்டியதாயிற்று. 1976-ல் பென்சிலினையே அறுத்துப் போடுகிற கிருமி வெளிப்பட்டது. டெட்ராசைக்ளினும் போயிற்று. சிப்ரோஃப்ளாக்சசினையும் அதன் இனத்தையும் இந்த வியாதிக்குக் கொடுக்க வேண்டாமென்று 2007-ல் அமெரிக்க சர்க்கார் சுகாதார இலாகா சொல்லிற்று. 2012-ல் செஃபிக்சிம் மாத்திரையை முதல் மருந்தாய் வைக்க வேண்டாமென்றும் சொல்லிற்று. மிச்சமாய் உலகமெங்கும் நம்பியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஊசியைத்தான். அதற்கும் மசியாத கிருமி ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 2009-ல் அகப்பட்டது. 2018-ல் இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குத் தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிய கிருமி, அந்த ஊசிக்கும் அப்போது அதனோடு கொடுத்துவந்த அஜித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை. வேறொரு கடுமையான மருந்தை இரத்தத்தில் ஏற்றித்தான் குணமாக்கினார்கள். புதிய மருந்து ஒன்றிரண்டு சோதனையில் தேறியிருக்கின்றன. அவற்றையும் நாம் இதே மாதிரி பாழாக்கினால் அதற்கப்புறம் என்ன செய்வது?

மருந்துக்குக் கிருமி எப்படிப் பழகும் என்று சிலர் கேட்கலாம். நெல்லில் புகையானைப் பார்த்திருக்கிற நம் காவேரிக் கரைக்காரர்கள் இதைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகிறது செத்துப்போக, தப்பிய பூச்சியின் வம்சமல்லவா அடுத்த போகத்துக்கு வருகிறது? பூச்சி மந்திரம் படித்து வரவில்லை, தப்பினது பெருகிற்று. மூன்று மாத்திரையோடு நிறுத்துகிறவன் உடம்பிலும் இதுவேதான் நடக்கிறது. அவன் தன் வியாதியை மட்டுமல்ல, மருந்துக்குத் தப்பிய வியாதியை அடுத்தவனுக்குக் கொடுக்கிறான். சளிக்கும் காய்ச்சலுக்கும் வேண்டியும் வேண்டாமலும் விழுங்குகிற மாத்திரையிலும் இந்த வேலை நடக்கிறது. நம் தொண்டையில் சும்மா குடியிருக்கும் இக்கிருமியின் பங்காளிக் கிருமிகள் அந்த மாத்திரைக்குப் பழகி, பழகிய வித்தையைத் தங்கள் சொந்தக்காரனுக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்குப் பாடம் வேண்டாமென்கிறோம். கிருமிக்கு மாத்திரம் நாள் தவறாமல் பள்ளிக்கூடம் நடக்கிறது.

செஃபிக்சிம் போன்ற மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் புஸ்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சு முதல் இந்திய சர்க்கார் விதி இருக்கிறது. விதி புஸ்தகத்தில் இருந்தது. மாத்திரை தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரரை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரி இனாமாய்க் கொடுப்பதைக் கடையில் காசு கொடுத்துத் திருட்டுத்தனமாய் வாங்கும்படி அந்தப் பிள்ளையைத் துரத்தியது எது? வெட்கம். அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்?

நம் ஊர் ஹரித்ராநதிக் குளத்துக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லுவார்கள். கிருஷ்ணன் கோபிகா ஸ்திரீகளோடு அதில் ஜலக்கிரீடை செய்தாராம். அவர்கள் உடம்பு மஞ்சள் கரைந்து தண்ணீரே மஞ்சளாயிற்றாம். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஸ்தல புராணம் என்று சொல்லலாம். ஒலிபெருக்கி வைத்து உபந்நியாசமும் செய்யலாம். அதே பிள்ளை பதினைந்து வயதில் தன் உடம்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் கேட்டால் கலாசாரம் கெட்டுவிடும்! பத்தாம் வகுப்புப் புஸ்தகத்தில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை "வீட்டிலே படித்துக் கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போகிற உபாத்தியாயர்கள் எத்தனையோ பேர். வீட்டிலே யார் சொல்லுவது? இப்போது செல்போன்தான் சொல்லுகிறது. அது சொல்லுகிற ஆபாசப் பாடத்தில் வியாதியும் கிடையாது, பெண்ணின் சம்மதமும் கிடையாது.

இது நம் ஊர்க் கூத்து மாத்திரமல்ல. வாலிபப் பருவக் கல்வி என்று மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தை 2007-ல் மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாகாணங்கள் வேண்டாமென்று தள்ளின. 2009-ல் திரு. வெங்கைய நாயுடு தலைமையிலிருந்த ராஜ்யசபை மனுக் கமிட்டி, பள்ளிக்கூடங்களில் பாலியல் கல்வியே கூடாது என்று சொல்லிற்று. நம் தமிழ் நாட்டு யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் நடிகை குஷ்பு, கலியாணத்துக்கு முன் உறவு கொள்கிற பெண்கள் கர்ப்பத்துக்கும் வியாதிக்கும் ஆளாகாமல் காப்புச் செய்துகொள்ள வேண்டும் என்ற கருத்தைச் சொன்னதற்காக, துடைப்பமும் செருப்பும் தூக்கிக்கொண்டு தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அத்தனையையும் தள்ளுபடி செய்தது. அந்த ஐந்து வருஷத்தில் துடைப்பம் தூக்கியவர்கள் யாராவது ஒரு ஊரில் ஒரு வியாதிக்காரனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதுண்டா?

பண்பாடு வியாதியைத் தடுக்கும் என்பதை நாம் ஒரு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. எய்ட்ஸ் மேல்நாட்டார் வியாதி, நம் பதிவிரதா தர்மத்துக்கு முன் அது நிற்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1986-ல் சென்னை மெடிக்கல் காலேஜ் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் விலைமாதர் சிலருடைய இரத்தத்தை எடுத்துச் சோதித்ததில், இந்தியாவிலேயே முதன் முதலாய் அந்தக் கிருமி சென்னையில்தான் அகப்பட்டது. அதற்கப்புறம் புத்தி வந்தது. 1994-ல் இதற்கென்று தனிச் சங்கம் அமைத்ததில் தமிழ்நாடு முதலாவதாய் நின்றது. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவருக்குச் சுவர் கேட்டார்கள். லாரி டிரைவரிடம் ஆணுறையைக் கொடுத்து வெளிப்படையாய்ப் பேசினார்கள். கர்ப்பிணிகளில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இருந்த அந்தக் கிருமி சில வருஷங்களில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. பேசினதால் ஒழுக்கம் கெட்டதா, வியாதி குறைந்ததா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

சொல்லிக் கொடுத்தால் செய்து பார்ப்பார்களே என்பது வைதிகர்களின் கடைசி ஆட்சேபணை. சீசாவில் 'விஷம்' என்று எழுதி ஒட்டினால் குடித்துப் பார்க்கத் தோன்றும், ஆகையால் எழுதாதே என்பது போலத்தான் இது. பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபையார், இந்தப் படிப்பினால் பிள்ளைகள் சீக்கிரத்தில் கெட்டுப்போவதில்லை என்றுதான் கண்டிருக்கிறார்கள். அடக்கம் வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. அடக்கமாயிருக்கிறவனுக்கும் தன் உடம்பு தெரிந்திருக்கட்டும் என்கிறோம்.

உலகத்தில் 2020-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் எட்டுக் கோடியே இருபது லட்சம் பேருக்குப் புதிதாய் இந்த வெட்டை வந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. இதில் பெண்ணை மட்டும் குற்றவாளியாக்குவது பழைய வழக்கம். 1868-ல் வெள்ளைக்கார சர்க்கார் இதற்கென்று சட்டம் செய்து, தாசித் தொழில் செய்த பெண்களைச் சோதித்து ஆஸ்பத்திரியில் அடைத்தது. அவர்களிடம் போன சிப்பாயை அந்தச் சட்டம் தொடவில்லை. 1888-ல் அதை ரத்து செய்தார்கள். நம் வீடுகளில் அது இன்னும் ரத்தாகவில்லை.

பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் என்று இதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. சோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை. மருந்து புருஷனும் மனைவியும் இருவரும் சாப்பிட வேண்டும். ஒருவர் மாத்திரம் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிடும். ஆணுறையும் அங்கேயே கிடைக்கும். கிரந்தி என்கிற சிபிலிசுக்கு இன்னமும் பென்சிலின் நன்றாய்க் கேட்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

அந்தத் தம்பி மன்னார்குடியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருவாரூருக்குப் போய்க் காட்டிக்கொண்டார். ஊசி போட்டு, இரத்தமும் எடுத்து, மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் பார்த்தபோது கேட்டேன். "அதெப்படிண்ணே, அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். உள்ளதைச் சொல்லென்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் தாயார் வருகிற வெள்ளிக்கிழமை மருமகளை மறுபடியும் திருக்கருகாவூருக்கு அழைத்துப்போக வண்டிக்குச் சொல்லியிருக்கிறாராம்.